ஒரு மில்க் ஷேக், 50 பேரின் மூளை... விஞ்ஞானி கெவின் ஹால் அரசு வேலையை விட்டது ஏன்?

சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் பாதியில் மூடி வைக்க மனசு வருவதில்லை. பசியே இல்லாத நேரத்திலும் பிஸ்கட் டப்பாவைத் தேடி கை போகிறது. "இதெல்லாம் போதைப் பொருள் மாதிரிதான், மூளையை அடிமையாக்கிடும்" என்று சொல்லும் வீடியோக்கள் சமூக வலைதளங்களில் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் சுகாதாரத் துறை அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லி வருகிறார்.

ஆனால் இதை நிஜமாகவே ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் அரசு விஞ்ஞானிக்குக் கிடைத்த விடை வேறு மாதிரி இருந்தது. அந்த விடை வெளியான சில வாரங்களிலேயே, 2025 ஏப்ரல் 16-ம் தேதி, 21 ஆண்டுகள் பார்த்த வேலையிலிருந்து அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டார். தன் ஆய்வு முடிவுகளைப் பற்றிப் பேசுவதில் தணிக்கை நடந்தது என்று எக்ஸ் தளத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

அவர் பெயர் கெவின் ஹால். அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகள் உடலை என்ன செய்கின்றன என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் ஆதாரத்தைக் கொடுத்தவரும் இவர்தான். அதனால்தான் இந்த விலகல் இவ்வளவு பேசப்பட்டது.

யார் இந்த கெவின் ஹால்?

கனடாக்காரர். படித்தது மருத்துவமோ ஊட்டச்சத்தியலோ இல்லை, இயற்பியல். மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஹெச்-ல், நீரிழிவு மற்றும் சிறுநீரக நோய்களுக்கான பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். உடலுக்குள் எவ்வளவு சக்தி போகிறது, எவ்வளவு செலவாகிறது என்பதை ஒரு கணக்குச் சமன்பாடு போலப் பார்ப்பது இவர் பாணி.

ஊட்டச்சத்து ஆய்வுகளில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் மக்களிடம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்பவை. நேற்று மதியம் சாப்பிட்டதே பலருக்குச் சரியாக நினைவிருக்காது. நினைவிருந்தாலும் குறைத்துச் சொல்வார்கள். ஹால் செய்தது வேறு. ஆட்களை மேரிலாந்து மாகாணம் பெதஸ்டாவில் உள்ள என்.ஐ.ஹெச் மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்கவைத்து, தட்டில் வைத்ததையும் மிச்சம் விட்டதையும் எடை போட்டார். செலவு அதிகம், ஆள் குறைவு. ஆனால் கிடைக்கும் தகவல் துல்லியம்.

டிவி போட்டியாளர்கள் சொன்ன கதை

ஹாலின் பெயர் முதலில் பரவலாகத் தெரிய வந்தது ஒரு ரியாலிட்டி ஷோ மூலமாக. 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியில் உடல் பருமன் கொண்டவர்கள் கடுமையான உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு மூலம் போட்டி போட்டு எடை குறைப்பார்கள். அதில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தார் ஹால். முடிவு 2016-ல் வெளியானது.

போட்டியின்போது அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதைவிட அதிர்ச்சி, அவர்கள் உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்கு சுமார் 500 குறைவாக இருந்தது. எடை திரும்பியும் உடலின் இந்தச் சிக்கனம் போகவில்லை.

"சோம்பேறித்தனம், வாயைக் கட்ட முடியலை" என்று இவர்களைத் திட்டுவது எளிது. உடலுக்குள் நடந்த மாற்றம் அந்தத் திட்டுக்குக் கட்டுப்படுவதாக இல்லை.

பசியை யார் முடிவு செய்கிறார்கள்?

இங்கே மூளை வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. உடலில் எவ்வளவு கொழுப்பு கையிருப்பு இருக்கிறது என்ற தகவலை லெப்டின் என்ற ஹார்மோன் அதற்குக் கொண்டு சேர்க்கிறது. இதை 1994-ல் கண்டுபிடித்தவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மன். கொழுப்பு செல்கள்தான் லெப்டினைச் சுரக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். "கையிருப்பு தீருது, சாப்பாடு தேடு" என்று மூளை புரிந்துகொள்ளும்.

இரைப்பையிலிருந்து பசியைக் கிளப்பும் கிரெலின் வருகிறது. குடலிலிருந்து "போதும்" என்று சொல்லும் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் போன்றவை வருகின்றன. இப்போது உலகம் முழுக்கப் பரபரப்பாக விற்கும், 2025-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்ட மவுன்ஜாரோ, வீகோவி ஊசிகள் இந்த ஜி.எல்.பி-1 சிக்னலைத்தான் பல மடங்கு நீட்டித்துக் கொடுக்கின்றன.

எடை குறைந்தால் மூளை எவ்வளவு கூடுதலாகப் பசிக்க வைக்கும்? இதை அளப்பது கஷ்டம். டயட் இருப்பவருக்குத் தான் டயட் இருப்பது தெரியுமே! ஹாலும் அவரது குழுவினரும் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் நீரிழிவு மாத்திரை ஒன்று உண்டு, பெயர் கனாக்லிஃப்ளோசின். அதைச் சாப்பிடுபவர்கள் தினமும் சில நூறு கலோரியை இழக்கிறார்கள், ஆனால் அது அவர்களுக்கே தெரியாது. ஓராண்டு நடந்த மருந்து ஆய்வின் தரவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள்.

2016-ல் வெளியான அந்த முடிவு இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும், பசி ஒரு நாளைக்கு சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அதே ஒரு கிலோவுக்கு உடலின் கலோரி செலவு குறைவது இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதாவது எடை குறைப்பவரைத் தோற்கடிப்பதில் மெட்டபாலிசத்தைவிடப் பசிக்குத்தான் பெரிய பங்கு. ஐந்து கிலோ குறைத்தவருக்கு, தினமும் 500 கலோரி சாப்பிடச் சொல்லி மூளை நச்சரிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது நச்சரிப்பாகத் தெரியாது, வெறும் பசியாகத்தான் தெரியும்.

508 கலோரி: உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த ஆய்வு

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மான்டெய்ரோ 2009-ல் உணவுகளை வகைப்படுத்தும் ஒரு புது முறையை முன்வைத்தார். 'நோவா' என்று பெயர். இதில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து என்றெல்லாம் பார்ப்பதில்லை. எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்று மட்டுமே பார்ப்பார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை எல்லாம் முதல் வகை. எண்ணெய், சர்க்கரை, உப்பு இரண்டாவது. முதல் வகையில் இரண்டாவதைச் சேர்த்து எளிமையாகச் செய்த ஊறுகாய், சீஸ் போன்றவை மூன்றாவது. வீட்டு அடுப்படியில் இல்லாத சேர்க்கைகளை வைத்துத் தொழிற்சாலையில் தயாராகும் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், சிப்ஸ், குளிர்பானம், பாக்கெட் பிஸ்கட் எல்லாம் நான்காவது வகை. அதைத்தான் அல்ட்ரா பிராசஸ்டு, அதாவது அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு என்கிறார்கள்.

ஹாலுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. சத்து அளவு சமமாக இருந்தால் எப்படிச் செய்தால் என்ன, உடலுக்கு ஒன்றுதானே என்பது அவர் எண்ணம். வித்தியாசம் வராது என்று எதிர்பார்த்துத்தான் சோதனையில் இறங்கினார்.

20 பேர், பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். 28 நாட்கள் மருத்துவமனை வாசம். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

2019-ல் 'செல் மெட்டபாலிசம்' இதழில் முடிவு வந்தது. பதப்படுத்தப்பட்ட உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சராசரியாக 508 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கியது. இரண்டு சாப்பாடும் ஒரே அளவு பிடித்திருந்தது என்றுதான் அவர்கள் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். "ருசி அதிகம், அதனால சாப்பிட்டாங்க" என்று இதை முடித்துவிட முடியாது.

வேறு சில தடயங்கள் கிடைத்தன. பதப்படுத்தப்பட்ட உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். மென்று முழுங்க நேரம் எடுக்காத உணவு, வயிறு "போதும்" என்று சொல்லும் முன்பே உள்ளே போய்விடுகிறது. பதப்படுத்தாத உணவு சாப்பிட்டபோது பசியை அடக்கும் பி.ஒய்.ஒய் கூடியிருந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் குறைந்திருந்தது. இன்னொன்று விலை. பதப்படுத்தாத உணவுக்கான வாராந்திரச் செலவு 151 டாலர், மற்றதற்கு 106 டாலர். ஏழைகளிடம் போய் "நல்லதா சாப்பிடுங்க" என்று உபதேசம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி இதுதான். ஆனால் தலைப்புச் செய்திகளில் இது வரவே இல்லை.

ஆய்வில் ஓட்டையும் இருந்தது. பதப்படுத்தப்பட்ட உணவில் நார்ச்சத்து குறைவு என்பதால் அதைப் பானத்தில் கரைத்துக் கொடுத்துச் சமன் செய்திருந்தார்கள். பானத்தைக் கழித்துப் பார்த்தால் அந்தத் தட்டில் இருந்த திட உணவு, ஒரு கிராமுக்கு அதிக கலோரி கொண்டது. அப்படியென்றால் குற்றவாளி பதப்படுத்தலா, கலோரி அடர்த்தியா? அதோடு இருபது பேர், இரண்டு வாரம் என்பதும் சின்ன அளவுதான்.

ஆனாலும் பிறகு வந்தவை இதே திசையைத்தான் காட்டின. டோக்கியோவில் அதிக எடை கொண்ட ஒன்பது ஆண்களிடம் நடந்த ஆய்வில், 2024-ல் வெளியான முடிவுப்படி, வித்தியாசம் நாளுக்கு 800 கலோரியைத் தாண்டியது. மெல்லும் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2025-ல் வெளியிட்ட ஆய்வில் 55 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குக் கொடுத்தது இரண்டுமே அரசின் ஆரோக்கிய வழிகாட்டுதலுக்கு உட்பட்ட உணவு. இரண்டிலும் எடை குறைந்தது. ஆனால் குறைவாகப் பதப்படுத்திய உணவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைந்தது.

சரி, மில்க் ஷேக் ஆய்வு என்ன சொன்னது?

அதிகமாகச் சாப்பிட வைக்கிறது, சரி. ஏன்? இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பதில்: டோபமைன். கொக்கைன் போன்ற போதைப் பொருட்கள் மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமைனை வெள்ளமாகக் கொட்ட வைக்கின்றன. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த தின்பண்டமும் அதே வேலையைச் செய்கிறது என்பது வாதம்.

இதற்கு ஓர் அடித்தளமும் இருந்தது. நியூயார்க்கின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தினர் 2001-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் அதிகம் கொண்ட பத்துப் பேரின் மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகள் குறைவாக இருப்பதாக அது சொன்னது. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களிடம் காணப்பட்ட அதே மாற்றம். அங்கிருந்துதான் 'உணவும் போதையும் ஒன்றே' என்ற பேச்சு சூடு பிடித்தது.

ஹால், வலேரி டார்சி ஆகியோரின் குழு இதை நேரடியாகச் சோதித்தது. 50 இளம் வயதினர், ஒல்லியானவர் முதல் உடல் பருமன் கொண்டவர் வரை. வெறும் வயிற்றில் ஒரு பெட் ஸ்கேன். கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னொரு ஸ்கேன். போதைப் பொருட்களுக்கு டோபமைன் எப்படி எகிறுகிறது என்று அளக்கப் பயன்படுத்தும் அதே முறை.

2025 மார்ச்சில் வந்த முடிவு: குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் இல்லை. சிலருக்குக் கொஞ்சம் ஏறியது, சிலருக்கு ஏறவே இல்லை. ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறியது. உடல் பருமனுக்கும் இந்த ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஒருவேளை டோபமைன் கூடியிருந்தாலும், இந்த ஸ்கேன் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழேதான் இருந்திருக்கும் என்றது குழு.

இதைப் படித்துவிட்டு "அப்போ சிப்ஸ் சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது" என்று முடிவு கட்டினால் அது தப்பு. அதிகம் சாப்பிட வைக்கிறது என்று நிரூபித்ததே இதே ஆள்தான். ஆய்வு சொல்வது ஒரு குறுகிய விஷயம்: கொக்கைன் மாதிரி டோபமைனைப் பொங்க வைத்து அடிமையாக்குகிறது என்ற விளக்கத்துக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. வேறு வழியில் அடிமையாக்கலாம். அதை இந்த ஆய்வு மறுக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் கனமானது. யேல் உணவு அடிமை அளவுகோலை உருவாக்கியவரும் இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருப்பவருமான ஆஷ்லி கியர்ஹார்ட் போன்றவர்கள், சில உணவுகள் அடிமைப்படுத்துகின்றன என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது போன்ற நடத்தைகளை வைத்துத்தான் அடிமைத்தனத்தை அளக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. சிகரெட்டில் உள்ள நிகோட்டின்கூட கொக்கைன் அளவுக்கு டோபமைனை உயர்த்துவதில்லை. அதற்காக சிகரெட் அடிமைப்படுத்தாது என்று யாரும் சொல்வதில்லையே!

அப்படியானால் சண்டை எங்கே வந்தது?

சுகாதாரத் துறைக்கு கென்னடி பொறுப்பேற்றது 2025 பிப்ரவரியில். அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவைக் குறைப்பது அவரது முக்கிய வாக்குறுதிகளில் ஒன்று. அந்த வகையில் ஹால் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து. 508 கலோரி ஆய்வைவிட வலுவான ஆயுதம் அவருக்குக் கிடைக்காது. இந்த விஞ்ஞானியைத்தான் அவரது துறை இழந்தது என்பது இந்தக் கதையின் விசித்திரம்.

ஹால் சொல்வது இதுதான். மில்க் ஷேக் ஆய்வு பற்றி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளரிடம் நேரடியாகப் பேச அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. எழுத்தில் கொடுத்த பதில்களும் அவர் சம்மதம் இல்லாமல் மாற்றி அனுப்பப்பட்டன. உணவு அடிமைத்தனம் பற்றி நிர்வாகம் முன்கூட்டியே வைத்திருந்த கருத்துக்கு ஆய்வு முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதே காரணம் என்கிறார். மேலிடத்துக்கு எழுதியும் பதில் வரவில்லை என்பதால், குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டை இழக்காமல் இருக்க முன்கூட்டியே ஓய்வு எடுத்ததாகவும் சொன்னார்.

சுகாதாரத் துறை இந்தக் குற்றச்சாட்டுகளை அடியோடு மறுத்தது. அவை பொய் என்றும், விஞ்ஞானிகள் பேட்டி கொடுப்பதற்குத் தடை இல்லை என்றும் விளக்கம் கொடுத்தது.

'அடிமை' என்ற ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? சட்டத்தில் அந்த வார்த்தைக்கு விலை அதிகம். புகையிலை நிறுவனங்களை அமெரிக்க நீதிமன்றங்களில் மண்டியிட வைத்ததில் 'அடிமையாக்கும் என்று தெரிந்தே விற்றார்கள்' என்ற வாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உணவுத் துறைக்கும் புகையிலைக்கும் பழைய உறவு வேறு இருக்கிறது. மார்ல்போரோ சிகரெட் தயாரித்த பிலிப் மோரிஸ் நிறுவனம் 1985-ல் ஜெனரல் ஃபுட்ஸையும், 1988-ல் கிராஃப்ட்டையும் வாங்கியது. ஓரியோ பிஸ்கட்டின் நபிஸ்கோவும் 1985-ல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் கைக்குத்தான் போனது.

2025 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் டேவிட் சியூ, கோகோ கோலா, பெப்சிகோ, நெஸ்லே, கிராஃப்ட் ஹெய்ன்ஸ் உள்ளிட்ட பத்து நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தார். அதிலும் அடிமையாக்கும் விதத்தில் தயாரித்தார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. நாளை இந்த மாதிரி வழக்குகளில் மில்க் ஷேக் ஆய்வை நிறுவனங்களின் வக்கீல்கள் தூக்கிக் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் முடிவைச் சொன்னவரின் பதிலைத் திருத்துவது அந்த வக்கீல்களுக்குத்தான் உதவும். 'பிடிக்காத முடிவு வந்தால் அமுக்குவார்கள்' என்ற சந்தேகம் எழுந்துவிட்டால், 508 கலோரி ஆய்வையும் சேர்த்தே கேள்வி கேட்பார்கள்.

பாதியில் நின்ற கேள்வி

ஹால் கடைசியாக நடத்திக்கொண்டிருந்த ஆய்வுதான் இதில் மிக முக்கியமானது. பழைய ஓட்டையை அடைக்கத் திட்டமிட்டது அது. ஒருவருக்கே நான்கு வகை உணவுத் திட்டங்கள். அதில் மூன்று அதீதமாகப் பதப்படுத்தப்பட்டவை. ஒன்றில் கலோரி அடர்த்தியும் அதிகம், உப்பு-கொழுப்பு-சர்க்கரைக் கூட்டணி தரும் சுண்டி இழுக்கும் சுவையும் அதிகம். இன்னொன்றில் அடர்த்தி மட்டும் அதிகம். மூன்றாவதில் இரண்டுமே குறைவு.

2024 இறுதியில் அவர் பகிர்ந்த இடைக்கால முடிவுகள்படி, இரண்டும் அதிகமாக இருந்த உணவில் மக்கள் நாளுக்கு சுமார் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டையும் குறைத்தபோது, அதுவும் பதப்படுத்தப்பட்ட உணவுதான் என்றாலும், அந்தக் கூடுதல் பெருமளவு காணாமல் போனது. இது உறுதியானால் அர்த்தம் பெரியது. பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம் என்று ஒட்டுமொத்தமாகத் தடை கேட்க வேண்டியதில்லை. எந்த அம்சம் மூளையின் 'போதும்' சிக்னலை ஏமாற்றுகிறதோ, அதை மட்டும் குறிவைத்து விதிமுறை கொண்டு வரலாம். வேலை முடிந்து வந்து சமைக்க நேரமில்லாத குடும்பத்துக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை.

இந்தியாவும் இதைக் கவனிக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. 2024-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையும் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு பற்றி எச்சரித்திருக்கின்றன. எது அந்த வகையில் வரும், எது வராது என்று கோடு போடும் நாள் வரும்போது, கை கொடுக்கக்கூடியது இந்த மாதிரி ஆய்வுதான்.

ஹால் இப்போது அரசு ஊழியர் இல்லை. பத்திரிகையாளர் ஜூலியா பெலூஸுடன் சேர்ந்து எழுதிய 'ஃபுட் இன்டெலிஜென்ஸ்' என்ற புத்தகம் 2025 செப்டம்பரில் வெளியானது. ஆட்களை வாரக்கணக்கில் தங்கவைத்து, தட்டில் மிச்சமிருப்பதை எடை போடும் அந்த மருத்துவமனை வார்டு இன்னமும் பெதஸ்டாவில்தான் இருக்கிறது. அதில் அவருக்கு இடமில்லை.